வெள்ளியங்கிரிக்குக் கத்தி முனை ஏன் இல்லை?

கேதார்நாத் கோயிலுக்குப் பின்னால் நின்று எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தோம். காலை வெயில் அப்போதுதான் சிகரத்தின் நுனியைத் தொட்டிருந்தது. எங்கள் குழுவில் அன்னூர்ப் பக்கத்து அண்ணன் ஒருவர் இருந்தார். இருபது வருடத்துக்கும் மேலாகக் கோயம்புத்தூருக்கு மேற்கே இருக்கிற வெள்ளியங்கிரி மலை ஏறுகிறவர். ரொம்ப நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, இந்த மலையெல்லாம் அருவாள்ல சீவி வெச்ச மாதிரி நிக்குதுங்க. நம்ம மலை யானை படுத்திருக்கற மாதிரி இருக்குது. ஏனுங்க அப்படி?" என்றார்.

அந்தக் குளிரில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. இறங்கும் வழியெல்லாம் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தோம். ஊருக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கொங்கு நாட்டில் பிறந்தவனுக்கு மேற்கே திரும்பினாலும் வடக்கே திரும்பினாலும் மலைதான். மாசி பிறந்தால் வெள்ளியங்கிரி அடிவாரத்துப் பூண்டிக்கு வண்டி கட்டுகிற அதே ஆட்கள்தான் இன்று கேதாருக்கும் பத்ரிக்கும் போகிறார்கள். இரண்டையும் ஒரே மாதிரி மலை என்று நினைத்து ஏறும்போதுதான் சிக்கல் வருகிறது. ஒன்றைச் செதுக்கியது பனிக்கட்டி, இன்னொன்றைச் செதுக்கியது தண்ணீர். உளி வேறானால் மலையின் வடிவம் வேறு, கால் வைக்கிற விதமும் வேறு.

முதலில் சொல்லில் ஒரு சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். மார்கழி விடியலில் புல்லில் நிற்கிற ஈரமும் பனி, ஊட்டியில் தரையை வெள்ளையாக்குவதும் பனி, இமயமலையில் ஆளுயரத்துக்குக் குவிவதும் பனி என்று தமிழில் எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்கிறோம். ஊட்டியில் விழுவது உறைபனி. தரையை ஒட்டிய ஈரம் உறைந்து, வெயில் ஏறியதும் போய்விடும். அது மலையைச் செதுக்காது. செதுக்குவது வருடக்கணக்காகக் கரையாமல் குவிந்து கிடக்கும் பனி.

அது எப்படி நடக்கிறது? மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் விழுந்த பனி, கோடையில் முழுக்கக் கரையாமல் கொஞ்சம் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வருடப் பனி அதன் மேல் விழும். அப்புறம் அதற்கடுத்த வருடத்தது. அடியில் இருப்பது அழுந்தி, உள்ளிருக்கும் காற்று வெளியேறி, நீலம் பாய்ந்த கெட்டிப் பனிக்கட்டியாகும். சில பத்து மீட்டர் கனம் சேர்ந்துவிட்டால் அது சும்மா கிடக்காது. தன் பாரம் தாங்காமல் சரிவை நோக்கி நகரத் தொடங்கும். சுடச்சுடத் தட்டில் போட்ட கம்பங்களி ஓரத்தை நோக்கி மெல்லப் பரவுவதைப் பார்த்திருப்போமே, அந்த மாதிரிதான். ஒரு வருடத்துக்குச் சில மீட்டரோ சில பத்து மீட்டரோதான் நகரும். இதற்குப் பெயர் பனியாறு.

இந்த ஆற்றுக்குப் பாறையை அறுக்க இரண்டு வழி உண்டு. பாறை வெடிப்புக்குள் இறங்கிய தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் விரியும். கல் உடைக்கிறவர்கள் ஆப்பு அடிப்பது போல அது பாறையைப் பிளக்கும். பிளந்த துண்டைப் பனிக்கட்டி தன்னோடு ஒட்டவைத்துப் பெயர்த்துக்கொண்டு போகும். பெயர்த்த கற்கள் பனிக்கட்டியின் அடிவயிற்றில் பதிந்து, கீழே இருக்கும் பாறையை உப்புத்தாள் போலத் தேய்க்கும். இது இரண்டாவது வழி. பனி போன பிறகும் அந்தத் தேய்ப்பின் கீறல்கள் பாறையில் நேர்நேராக நிற்கும். நிலவியலாளர்கள் ஒரு பாறையைத் தடவிப் பார்த்து, இங்கே பனியாறு இருந்தது, இந்தத் திசையில் போனது என்று சொல்வது அந்தக் கீறல்களை வைத்துத்தான்.

பனியாறு பிறக்கிற இடம் மலைச்சரிவில் ஒரு சின்னக் குழி. அதைக் குடைந்து குடைந்து மூன்று பக்கம் செங்குத்துச் சுவர் கொண்ட கிண்ணமாக ஆக்கிவிடும். பள்ளிப் புத்தகத்தில் இதைச் சர்க்கு என்று படித்திருப்போம். எங்கள் பக்கம் மூன்று புறமும் மலை சூழ்ந்த மடிப்பைக் கோம்பை என்போம். தூரத்திலிருந்து பார்த்தால் சர்க்கும் கோம்பையும் ஒன்று போலத் தெரியும். உள்ளே இறங்கி நடந்தால் வித்தியாசம் புரியும். கோம்பையின் தரை வாசலை நோக்கிச் சரிந்து, தண்ணீரை வெளியே விட்டுவிடும். சர்க்கின் தரையைப் பனிக்கட்டி நடுவில் ஆழமாகக் குடைந்து, வாசலில் ஒரு வரம்பை விட்டுவைத்திருக்கும். பனி போனதும் அதில் தண்ணீர் தேங்கி ஏரியாகும். உயர்ந்த மலைகளில் சிகரத்தின் காலடியில் கண்ணாடி போலக் கிடக்கும் சின்ன ஏரிகள் பலவும் இப்படிப் பிறந்தவைதான்.

இனி அண்ணனின் கேள்விக்கு வரலாம். ஒரு முகட்டின் இந்தப் பக்கம் ஒரு சர்க்கு, அந்தப் பக்கம் ஒரு சர்க்கு. இரண்டும் பின்னோக்கிக் குடைந்துகொண்டே வந்தால் நடுவில் என்ன மிஞ்சும்? கத்தியின் விளிம்பு மாதிரி ஒரு சுவர். அரெட்டு என்பது அதுதான். மூன்று நான்கு சர்க்குகள் சுற்றிலும் குடைந்தால் கூர்மையான கொம்பு மிஞ்சும். ஆல்ப்ஸ் மலையில் 4,478 மீட்டர் உயரமுள்ள மேட்டர்ஹார்ன் அப்படி ஒரு கொம்பு. கேதார்நாத்தில் அருவாளால் சீவியது போல அவர் பார்த்தது இந்த வேலையைத்தான்.

உயரம்தான் காரணம் என்று சட்டென்று முடிவுகட்டிவிடக் கூடாது. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ஹெல்வெல்லின் என்று ஒரு மலை. உயரம் 950 மீட்டர்தான், நம் ஏற்காட்டைவிடக் குறைவு. ஆனாலும் அதன் மேல் ஏறுகிற ஸ்டிரைடிங் எட்ஜ் என்ற பாதை உலகம் முழுக்க நடைக்காரர்களுக்குத் தெரிந்த கத்தி முகடு. ஒரு பக்கம் அதலபாதாளம், இன்னொரு பக்கம் ரெட் டார்ன் என்கிற சர்க்கு ஏரி. அந்த நாடு வடக்கே தள்ளி இருப்பதால் பனியுகத்தில் அந்த மலைகளை மூடிப் பனிக்கட்டி கிடந்தது. உயரம் குறைவான மலையும் கூராகிவிட்டது.

நம் நிலைமை தலைகீழ். ஆனைமலைத் தொடரின் ஆனைமுடி 2,695 மீட்டர். இமயத்துக்குத் தெற்கே இதைவிட உயரம் இல்லை. ஊட்டியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஆனால் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற நாட்டில் பனி வருடம் முழுக்கக் கரையாமல் நிற்க வேண்டுமானால், இன்றைய கணக்கில் நாலரை ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம் வேண்டும். கிளிமஞ்சாரோவின் உச்சியில் பனி நிற்பதற்கு அதன் 5,895 மீட்டர்தான் காரணம். சுமார் 21,000 வருடங்களுக்கு முன் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, பனி கரையாமல் நிற்கிற இந்த உயரக் கோடு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் கீழே இறங்கியது. அப்படி இறங்கியும் ஆனைமுடியைத் தொட எட்டாத உயரத்தில்தான் இருந்தது. ஆக நம் மலைகளின் மேல் அந்த யுகத்தில் பனியாறு ஓடவே இல்லை.

சரி, அப்படியானால் நம் மலையைச் செதுக்கியது யார்?

கொங்கின் மலைகள் வயதில் இமயத்துக்குப் பாட்டன், பூட்டன் எல்லாம் தாண்டியவை. நீலகிரியின் சார்னோகைட் பாறை சுமார் 250 கோடி வருடங்களுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து உருவானது. இமயம் எழத் தொடங்கி 5 கோடி வருடம்தான் ஆகிறது. இமயம் இன்னும் எழுந்துகொண்டிருக்கிறது, அதனால் கூர் மழுங்கவில்லை. நம் மலை எழுந்து முடிந்து, வெயிலும் மழையும் கோடிக்கணக்கான வருடங்கள் உட்கார்ந்து வேலை செய்த மலை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிற பாலக்காட்டுக் கணவாயும் பூமியின் ஓடு பழங்காலத்தில் நசுங்கி நகர்ந்த ஒரு பலவீனக் கோட்டின் மேல்தான் இருக்கிறது. ஆடி மாதம் பொள்ளாச்சியிலும் பல்லடத்திலும் தென்னையைச் சாய்க்கிற காற்று அந்த வாசல் வழியாகத்தான் வருகிறது.

வெயிலும் மழையும் வேலை செய்கிற விதம் பனிக்கட்டியினுடையதைப் போல இல்லை. ஆழத்தில் அழுந்திக் கிடந்த பாறை, மேலே இருந்த மண்ணும் கல்லும் கரைந்து பாரம் குறைந்ததும் லேசாக விரிகிறது. விரிந்து, வெங்காயம் போலத் தோல் தோலாக உரிகிறது. நாமக்கல் மலையை நினைத்துப் பாருங்கள். ஊர் நடுவே ஒரே கல்லாக, உருண்டு, வழவழவென்று நிற்கிறது. சங்ககிரியும் நம் பக்கத்துக் கரடுகள் பலவும் இந்தக் குடும்பம்தான். வெள்ளியங்கிரியில் வழுக்குப்பாறையில் கால் வைக்கும்போது, இவ்வளவு வழவழப்பான பாறையை எது தேய்த்திருக்கும் என்று தோன்றும். பனிக்கட்டி தேய்த்த பாறையானால் ஒரே திசையில் ஓடும் கீறல்கள் இருக்கும். இங்கே அதெல்லாம் இல்லை. பாறை தானாக உரிந்தது, மேலே தண்ணீர் வழிந்தது, அப்புறம் தலைமுறை தலைமுறையாக நம் ஆட்களின் வெறுங்கால் தேய்த்தது. அவ்வளவுதான்.

இதற்கு எனக்கு மிகப் பிடித்த சான்று மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுகிற வழியில் இருக்கிறது. சாலைக்காக வெட்டிய சரிவுகளைப் பாருங்கள். ஆள் உயரத்துக்கும் மேலே செம்மண். அதற்குள் அங்கங்கே உருண்டைப் பாறைகள் பதிந்திருக்கும். முதல் முறை பார்ப்பவருக்கு, யாரோ உருட்டிக்கொண்டு வந்து புதைத்தது போலத் தெரியும். அவை எங்கிருந்தும் வரவில்லை. அங்கேயே இருந்த பெரும்பாறையின் வெடிப்புகளில் மழைநீர் இறங்கி, மூலைகளை முதலில் கரைத்து மண்ணாக்கி, நடுவில் இருக்கும் கரு மட்டும் உருண்டையாக மிஞ்சியிருக்கிறது. இப்படி இத்தனை ஆழத்துக்கு மண்ணாவதற்கு லட்சக்கணக்கான வருடங்கள் வேண்டும். பனியாறு ஒரு தடவை மேலே ஓடியிருந்தால் அத்தனை மண்ணையும் சுரண்டி எடுத்துக்கொண்டு போயிருக்கும். ஊட்டியில் கேரட்டும் உருளைக்கிழங்கும் தேயிலையும் விளைகிற மண், அங்கே பனியாறு வரவில்லை என்பதற்குச் சாட்சி.

கேதார்நாத்தில் பார்க்கிற கல்குவியல் வேறு சாதி. அங்கே கல்லும் மணலும் மாவுமாகச் சலிக்காமல் கொட்டிக் கிடக்கும். கூர் மழுங்காத கல், உருண்ட கல், வீட்டளவு பாறை எல்லாம் ஒரே குவியலில். பனியாறு சுமந்து வந்து, உருகும்போது அப்படியே போட்டுவிட்டுப் போனது. மொரைன் என்பார்கள். கோயிலுக்கு மேலே இருக்கும் சோராபாரிப் பனியாறு ஒரு காலத்தில் ராம்பாரா வரை, அதாவது சுமார் 2,800 மீட்டர் உயரம் வரை, இறங்கியிருந்ததாக நிலவியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். அது பின்வாங்கிப் போன தடத்தில்தான் கேதார்நாத் ஊரே உட்கார்ந்திருக்கிறது. 2013 ஜூன் மாதம் பெருமழையில் அந்த மொரைன் கரை உடைந்து, சோராபாரி ஏரி முழுவதும் ஊர் மேல் இறங்கியது. கோயிலுக்குப் பின்னால் வந்து நின்று வெள்ளத்தைப் பிரித்துவிட்ட பாறையைப் பீமசிலை என்று இன்று கும்பிடுகிறார்கள். வெள்ளியங்கிரியில் நமக்குப் பீமன் களி உருண்டை இருக்கிறது. பெரிய கல்லைப் பார்த்தால் பீமனை நினைக்கிற மனசு இரண்டு மலையிலும் ஒன்றுதான். ஆனால் அங்கே கல் வெள்ளத்தில் வந்தது. இங்கே கல் இருந்த இடத்திலேயே உருண்டையானது.

பள்ளத்தாக்கையும் இதே கண்ணோடு பார்க்கலாம். ஆறு அறுத்த பள்ளத்தாக்கு கீழே போகப் போகக் குறுகும், புனலை நெடுக்காக அறுத்து வைத்தது போல. பனியாறு அகலமான உடம்போடு வருவதால் அடியையும் பக்கத்தையும் சேர்த்துச் சுரண்டும். தரை தட்டையாக, இரண்டு சுவரும் நட்டுக்குத்தலாக நிற்கும். நம் ‘ப’ எழுத்து அப்படியே அந்த வடிவம். கேதார் நடை தொடங்குகிற கௌரிகுண்டில் மந்தாகினி ஆறு இடுக்கில் பாய்கிறது. மேலே ஏற ஏற, ராம்பாராவைத் தாண்டியதும் பள்ளத்தாக்கு அகலத் திறக்கிறது. நடந்து போகிறவர் தன் காலாலேயே அந்த எல்லையைக் கடக்கிறார். தண்ணீரின் நிறமும் சொல்லும். பனியாற்றுத் தண்ணீரில் பாறை மாவு கலந்து, சாம்பலில் பால் ஊற்றியது போல இருக்கும். நம் சிறுவாணி தெளிந்து ஓடும். வெள்ளியங்கிரியில் பிறக்கிற நொய்யல் வெள்ளக் காலத்தில் செம்மண் நிறத்தில் வரும்.

நீலகிரியில் அவலாஞ்சி என்று ஓர் இடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் பனிச்சரிவுக்கு இருக்கிற பெயர் அது. பனிச்சரிவு அங்கே ஒருநாளும் நடந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே ஏற்பட்ட பெரிய மண்சரிவைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர். அதே அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கோயம்புத்தூருக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அது அதிகம். நம் மலையைச் செதுக்குகிற உளி எது என்று கேட்பவருக்கு அந்த ஒரு நாளைக் காட்டினால் போதும். மேலே நான் சொன்ன ஆழமான செம்மண், தண்ணீர் குடித்துக் கனத்ததும் சரியும். 1993-ல் மரப்பாலத்திலும் 2009-ல் நீலகிரி முழுக்கவும் நடந்தது அதுதான்.

இனி நடக்கிறவர்களுக்கு இதெல்லாம் எப்படிப் பயன்படும் என்று பார்ப்போம்.

பனியாற்று மலையில் ஓடைகளைக் காலையில் கடக்க வேண்டும். ராத்திரிக் குளிரில் உருகுவது நின்று தண்ணீர் குறைந்திருக்கும். மத்தியானம் வெயிலில் பனி உருகி அதே ஓடை இடுப்பளவு வரும். நம் மலையில் கடிகாரத்தை நம்ப முடியாது. நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும், மேலே எங்கோ மழை பெய்திருக்கும், பள்ளத்தில் தண்ணீர் திடீரென்று இறங்கும். தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வர ஆரம்பித்தாலோ உடனே கரையேறிவிட வேண்டும். கோவைக் குற்றாலத்தை மழைக்காலத்தில் அடிக்கடி மூடுவதும் இதற்காகத்தான். வனத்துறை மூடினால் கோபப்படாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

மொரைன் மேல் நடக்கும்போது எந்தக் கல்லையும் நம்பக் கூடாது. பாரம் விழுந்ததும் உருளும். ஒவ்வொரு அடியும் சோதித்து வைக்க வேண்டும், கை ஊன்றுகிற கல்லும் அப்படித்தான். நம் மலையில் பாறை அசையாது. அதன் மேல் இருக்கிற பாசியும் ஈரமும் காய்ந்த மூங்கில் இலையும்தான் ஆளை இழுத்துவிடும். அதனால்தான் பூண்டியில் ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கிக்கொண்டு ஏறுகிறோம். ஏறும்போது அந்தத் தடியின் அருமை தெரியாது. ஏழு மலையும் முடித்து, முழங்கால் நடுங்க இறங்கும்போதுதான் தெரியும்.

மூச்சுக்கு வருவோம். இதில்தான் நம் ஆட்கள் ஏமாந்துபோகிறார்கள். 3,583 மீட்டரில் இருக்கும் கேதார்நாத்தில், சமவெளியில் கிடைக்கிற ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்குகூடக் கிடைக்காது. தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வந்தால் அது அஜீரணம் இல்லை, உயரம். ஏறுவதை நிறுத்த வேண்டும், குறையாவிட்டால் இறங்க வேண்டும். வேறு வழி கிடையாது. வெள்ளியங்கிரி உச்சி சுமார் 6,000 அடிதான். ஐந்தில் நான்கு பங்கு ஆக்சிஜன் அங்கே கிடைக்கும். அப்புறம் ஏன் ஒவ்வொரு வருடமும் அங்கே மயங்கி விழுகிறார்கள், உயிரும் போகிறது? செங்குத்துதான் காரணம். கௌரிகுண்டிலிருந்து கேதாருக்குச் சுமார் 16 கிலோமீட்டரில் 1,600 மீட்டர் ஏறுகிறோம். வெள்ளியங்கிரியில் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டரிலேயே ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறுகிறோம், அதுவும் பெரும்பாலும் ராத்திரியில், தூங்காமல், சாப்பிட்டும் சாப்பிடாமலும். காற்று போதும், இதயம்தான் தாங்குவதில்லை. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உள்ளவர்கள் டாக்டரிடம் காட்டாமல் ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன். ஐயா, ஈசன் அடிவாரத்திலும் இருக்கிறார். பாம்பாட்டிச் சுனை வரை போய் உட்கார்ந்து, முடியவில்லை என்றால் இறங்கி வாருங்கள்.

பனியாறு நம் மலையைத் தொடவில்லை என்றேன். ஆனால் பனியுகத்தின் குளிர் இங்கே வந்துபோனது. அதன் தடம் பாறையில் இல்லை, புல்லிலும் சோலையிலும் இருக்கிறது.

பனியுக உச்சத்தில் உலகத்துத் தண்ணீரில் ஒரு பங்கு துருவங்களிலும் மலைகளிலும் உறைந்து கிடந்ததால், கடல் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ராமேஸ்வரத்திலிருந்து இலங்கைக்குத் தரை வழியாகவே போயிருக்கலாம். பருவமழை மெலிந்தது. நீலகிரியில் என்ன நடந்தது என்பதை ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவின் சதுப்புக்குள் தோண்டிப் பார்த்தார்கள். அந்தச் சதுப்புகளில் செடிகொடிகள் முழுக்க மக்காமல் கறுப்புச் சேறாக அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. கீழே போகப் போகப் பழைய காலம். வெப்பமண்டலப் புற்கள் காற்றிலிருந்து கரியை எடுத்துக்கொள்கிற விதமும் மரங்கள் எடுத்துக்கொள்கிற விதமும் வேறு வேறு. அந்த வித்தியாசம் சேற்றில் உள்ள கார்பன் அணுக்களின் விகிதத்தில் அப்படியே தங்கியிருக்கும். யானை ஆய்வால் பலருக்கும் தெரிந்த ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993-ல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சேற்றைப் படித்துத்தான் எழுதப்பட்டது. பனியுக உச்சத்தில் நீலகிரி வறண்டு, புல் மேலோங்கிக் கிடந்தது. பிறகு மழை திரும்பியதும் மரம் பரவியது.

அந்தப் புல்லும் மரமும் இன்றும் எல்லை போட்டுக்கொண்டுதான் நிற்கின்றன. வால்பாறைக்கு மேலே புல்மலையில், அவலாஞ்சியில், முக்குருத்தியில் எங்கே பார்த்தாலும் முதுகெல்லாம் புல், மடிப்புகளில் மட்டும் அடர்ந்த சோலை. நடுவில் கத்தரித்தது போல ஒரு கோடு. திறந்த புல்வெளியில் குளிர்கால ராத்திரியில் உறைபனி விழும். சோலை மரத்தின் கன்று அதைத் தாங்காமல் கருகிப்போகும். சோலைக்குள் மரநிழல் வெப்பத்தைப் பிடித்துவைத்திருப்பதால் அங்கே மட்டும் கன்று பிழைக்கும். சமவெளியிலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குளிரும் என்பது கணக்கு. கோயம்புத்தூரிலிருந்து தொட்டபெட்டாவுக்குப் போனால் பதினான்கு டிகிரி வித்தியாசம். அந்தப் பதினான்கு டிகிரியில்தான் இத்தனையும் நடக்கிறது. புல்வெளியை வெறும் தரிசு என்று நினைத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் சீகை மரமும் தைல மரமும் நட்டு நிரப்பினார்கள். பல்லாயிரம் வருடம் பழைய புல்வெளியில் பெரும்பகுதி அப்படிப் போய்விட்டது. எனக்கு இதை நினைத்தால் இன்னும் மனசு ஆறுவதில்லை.

கேதார்ப் பயணத்தில் வழிக்கடை ஒன்றில் சிவப்பாக ஒரு சர்பத் கொடுத்தார்கள். புராஞ்ஷ் பூவில் செய்தது என்றார்கள். ரோடோடென்ட்ரான் மரத்தின் பூ. அதே மரம் நீலகிரியிலும் ஆனைமலையிலும் இருக்கிறது, காட்டுப் பூவரசு என்போம். நடுவில் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் எங்கும் கிடையாது. பனியுகத்தின் குளிரில் நடு இந்திய மலைகள் வழியாக இப்படிப்பட்ட செடிகளும் உயிர்களும் தெற்கே வந்திருக்கலாம் என்ற எண்ணம் நிலவியலாளர் பிளான்ஃபோர்டு காலத்திலிருந்தே, அதாவது நூறு வருடங்களுக்கும் மேலாக, பேசப்படுகிறது. வரையாட்டையும் இமயத்துத் தார் ஆட்டையும் சேர்த்து இதற்குச் சாட்சியாகச் சொல்வார்கள். ஆனால் 2005-ல் வந்த மரபணு ஆய்வு, நம் வரையாட்டுக்கு அந்த ஆட்டைவிடச் செம்மறியே நெருங்கிய சொந்தம் என்று காட்டி, அதைத் தனிப் பேரினமாகப் பிரித்துவிட்டது. ஆக மரத்தின் கதை ஒன்று, ஆட்டின் கதை வேறொன்று.

போக நினைக்கிறவர்களுக்கு: வெள்ளியங்கிரி ஏற வனத்துறை பிப்ரவரி முதல் மே வரைதான் அனுமதிக்கிறது. மற்ற மாதங்களில் அது யானையின் பாதை. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்ட பிறகு மலையேற்ற விதிகள் இறுகின. அனுமதியில்லாமல் காட்டுக்குள் போவது குற்றம் மட்டுமல்ல, தேட வருகிறவர்களின் உயிருக்கும் ஆபத்து. 2024 அக்டோபரில் அரசு 40 மலைப் பாதைகளை வழிகாட்டியோடு திறந்தது. டாப்ஸ்லிப் – பண்டாரவரை, சாடிவயல் – சிறுவாணி, செம்புக்கரை – பெருமாள்முடி எல்லாம் அதில் உண்டு. இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம். வழிகாட்டியாக வருகிறவர்களில் பலர் அந்தந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த பழங்குடிப் பிள்ளைகள். அவர்களோடு பேசிக்கொண்டே நடந்தால், நான் இங்கே எழுதியதைவிட அதிகம் கிடைக்கும்.

போன மாதம் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும்போது ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்தினேன். பாறைச் சரிவில் ஐந்து வரையாடுகள். தாய் ஒன்று, நட்டுக்குத்தாகக் கிடந்த பாறையில் குட்டியோடு சாதாரணமாக இறங்கிக்கொண்டிருந்தது. அன்னூர் அண்ணனுக்குப் போன் போட்டு, கத்தி முனை இல்லாத மலையிலும் நிற்க இவ்வளவு சின்ன இடம்தான் கிடைக்கிறது என்று சொன்னேன். "அதுக்கு நாலு காலுங்க தம்பி, நமக்குத் தடியோட சேத்து மூணுதானுங்க. மாசியில பூண்டியில பாக்கலாம்" என்றார்.